கூடலூர் ஏன் நீலகிரியில் இருக்கிறது? 1877-ல் இழுத்த கோடு

மே 3, ஒரு வாசகர் கேட்டது

நீலகிரி கோயம்புத்தூரிலிருந்து பிரிந்த மாவட்டம், கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலை ஏறியதிலிருந்துதான் அதன் வரலாறு தொடங்குகிறது என்று படித்திருக்கிறேன். போன வாரம் கூடலூர், பந்தலூர் பக்கம் போனேன். பேச்சு, சாப்பாடு, கடைப் பலகை எல்லாம் பாதி மலையாளம். 1956-ல் கேரளாவுக்குப் போயிருக்க வேண்டிய இடம் போலத் தெரிகிறது. எப்படித் தமிழ்நாட்டில் நின்றது?

மே 4, காலை

நான் பந்தலூர்க்காரன். இந்தக் கேள்வி எனக்குச் சொந்த விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன்.

கூடலூரும் பந்தலூரும் கோயம்புத்தூரோடு ஒரு நாளும் இருந்ததில்லை. 1877 வரை மலபார் மாவட்டம்தான். வயநாட்டின் தென்கிழக்கு மூலை. முனநாடு, நம்பலக்கோடு, சேரங்கோடு என்று மூன்று அம்சங்கள் (மலபாரில் வருவாய்க் கிராமத்தை அம்சம் என்பார்கள்). அந்த மூன்றையும் 1877-ல் மெட்ராஸ் அரசாங்கம் மலபாரிலிருந்து வெட்டி நீலகிரியோடு ஒட்டியது. 79 வருடம் கழித்து, 1956 நவம்பர் 1-ல் மலபார் மாவட்டம் கேரளாவுக்குப் போனபோது இந்த மூலை நீலகிரி கணக்கில் இருந்ததால் தமிழ்நாட்டிலேயே நின்றுவிட்டது.

நேர் பதில் அவ்வளவுதான். ஆனால் 1877-ல் அப்படி ஏன் செய்தார்கள், அதனால் இன்றைக்கு யார் வீட்டில் விளக்கு எரியவில்லை என்பதுதான் பேச வேண்டியது.

மே 4, இரவு

இரண்டு பேர் "ஊட்டி மட்டுமாவது கோயம்புத்தூரில்தானே இருந்தது" என்று கேட்டிருக்கிறீர்கள். அதுவும் முழுக்க இல்லை.

1799-ல் திப்பு விழுந்தபின் மேல்மலை (ஊட்டி, கோத்தகிரி இருக்கும் உயரமான பகுதி) கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்து கோயம்புத்தூரோடு சேர்ந்தது. 1830-ல், கவர்னர் லஷிங்டன் காலத்தில், ஊட்டி உட்பட மலையின் மேற்குப் பகுதியைத் தூக்கி மலபாரோடு சேர்த்தார்கள். கோத்தகிரிப் பக்கம் கோயம்புத்தூரிலேயே இருந்தது. 1843-ல் ஊட்டியைத் திரும்பவும் கோயம்புத்தூருக்குக் கொடுத்தார்கள். குந்தா அதற்குப் பிறகும் மலபாரில்தான், 1860-ல்தான் வந்தது. 1868-ல் மலையைத் தனியாகப் பிரித்து ஒரு கமிஷனரின் கீழ் வைத்தார்கள், முதல் கமிஷனர் பிரீக்ஸ். 1873-ல் ஆக்டர்லோனி பள்ளத்தாக்கு, அதாவது இன்றைய ஓவேலி, நீலகிரியோடு சேர்ந்தது. 1877-ல் தென்கிழக்கு வயநாடு. 1882-ல் கமிஷனர் பதவி போய் கலெக்டர் வந்தார்.

ஆக ஊட்டியே 13 வருடம் மலபார் மாவட்டத்தில் இருந்த ஊர். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. "மலைகளின் அரசி"யோடு பாடம் முடிந்துவிடும்.

மே 6

சல்லிவன் பற்றி. கோத்தகிரி நண்பர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார், அவர் கோபம் நியாயம். சல்லிவன் வருவதற்கு முன்னால் மலையில் ஆளே இல்லை என்பது போல எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. தோடர், கோத்தர், படுகர், குறும்பர், இருளர் எல்லோரும் ஒருவருக்கொருவர் பண்டம் கொடுத்து வாங்கி வாழ்ந்த மலை அது. 1117-ஆம் ஆண்டு ஹொய்சளக் கல்வெட்டில் தோடர் பெயர் இருக்கிறது. 1603-ல் பினிசியோ என்ற ஏசுசபைப் பாதிரியார் கோழிக்கோட்டிலிருந்து ஏறி வந்து தோடர்களைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். வெள்ளைக்காரக் கணக்கிலேயே பார்த்தாலும் 1812-ல் கீஸ், மக்மேகன் என்ற இரு சர்வேயர்கள் ஏறியிருக்கிறார்கள். 1818-ல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரு உதவி அதிகாரிகள் ஏறினார்கள். சல்லிவன் 1819 ஜனவரியில் வந்தார்.

அதற்காக சல்லிவனைத் தள்ளிவிடவும் எனக்கு மனசு வரவில்லை. மேல்மலையில் நிலம் தோடர்களுக்குச் சொந்தம், எடுத்தால் விலை கொடுக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். நிலம் சர்க்காருடையது என்பது லஷிங்டன் பக்கத்து வாதம். அந்தச் சண்டை சல்லிவன் இருந்த காலம் முழுக்க நடந்தது. அவரும் ஏக்கர் ஏக்கராக நிலம் வைத்திருந்தார், அது குறித்து அப்போதே புகார் இருந்தது. இரண்டும் சேர்ந்துதான் அந்த மனிதர். 1838-ல் மனைவியையும் மகளையும் ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத் தோட்டத்தில் புதைத்துவிட்டுப் பிறகு சீமைக்குப் போனார்.

கன்னேரிமுக்கில் அவருடைய முதல் பங்களாவைச் செப்பனிட்டு நினைவகமாக வைத்திருக்கிறார்கள். போகாதவர்கள் போய்ப் பாருங்கள்.

ஆனால் கவனியுங்கள், இந்தக் கதை முழுக்க மேல்மலைக் கதை. எங்கள் பக்கத்தில் சல்லிவன் இல்லை. எங்கள் பக்கத்தில் கம்பெனியோடு சண்டை போட்ட பழசிராஜா இருந்தார், 1805 நவம்பர் 30-ல் அவர் விழும் வரை கம்பெனியால் வயநாட்டில் காலூன்ற முடியவில்லை. ஒரே மாவட்டத்தின் இரண்டு பாதிகள் இரண்டு வேறு வழியில் வெள்ளைக்காரனிடம் போயின.

மே 9

மலையைப் பார்த்தால் பாதி வரலாறு தன்னாலே புரியும்.

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். தொட்டபெட்டா 2,637. கூடலூர் ஏறக்குறைய 1,000 மீட்டர்தான். இரண்டுக்கும் இடையில் 50 கிலோமீட்டர் சாலை, அதில் பெரிய இறக்கம் எல்லாம் நடுவட்டத்துக்குக் கீழே. நடுவட்டம் தாண்டி இறங்கும்போது காது அடைக்கும், ஸ்வெட்டரைக் கழற்றுவோம், மரம் மாறும், மிளகுக் கொடியும் பாக்கும் வரும். வீட்டுக்கூரையும் மாறும்.

மழை இன்னும் தெளிவாகப் பிரிக்கும். தேவாலா, பந்தலூர் பக்கம் ஜூன் பிறந்தால் விடாத மழை. கோத்தகிரிக்கு நல்ல மழை ஐப்பசி கார்த்திகையில். மசினகுடிக்கு இரண்டும் சரியாகக் கிடைக்காது, முள்ளுக்காடு. 2019 ஆகஸ்ட் 8-ல் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அதே மாவட்டத்தில் சீகூர்ப் பள்ளத்தில் மாடு மேய்ப்பவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

தண்ணீர் போகும் திசையும் பாருங்கள். மேல்மலைத் தண்ணீர் பைக்காரா, மாயாறு, குந்தா வழியாகப் பவானியில் இறங்கி காவிரிக்குப் போகிறது. ஓவேலியில் விழும் தண்ணீர் பாண்டியாறாக இறங்கி, புன்னப்புழையாகி, நிலம்பூர் வழியாகச் சாலியாற்றில் சேர்ந்து பேப்பூரில் அரபிக்கடலுக்குப் போகிறது. பாண்டியாறு புன்னம்புழைத் திட்டம் என்று தேர்தலுக்குத் தேர்தல் கேட்கிறீர்களே, அது இந்தத் தண்ணீர்தான். தண்ணீரும் ஆளும் சரக்கும் நிலம்பூர்ப் பக்கமாக இறங்கிய ஊரை அரசாங்கம் காகிதத்தில் ஊட்டிப் பக்கமாக ஏற்றியது.

மே 10

"அப்படியானால் கூடலூர் கேரளாவுக்குத்தான் போகணும் என்கிறாயா?" என்று ஒருவர். இல்லவே இல்லை. நான் தமிழன், என் ரேஷன் கார்டு, ஓட்டு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் இங்கே. கோடு எங்கே இருக்க வேண்டும் என்ற பேச்சுக்கே நான் வரவில்லை. கோடு போட்டவர்கள் நிலப் பத்திரத்தை அதற்கேற்ப மாற்றாமல் விட்டார்கள் என்கிறேன்.

மே 15

சரி, 1877-க்கு வருவோம். காரணம் காப்பி.

ஆக்டர்லோனி சகோதரர்கள் இருவர். ஒருவர் ராணுவப் பொறியாளர், 1847-48-ல் நீலகிரியை அளந்தவர். இன்னொருவர் ஜேம்ஸ், 1845 வாக்கில் அந்தப் பள்ளத்தாக்கில் காப்பி போட்டவர். நிலம் நிலம்பூர் கோவிலகத்தின் (அந்த ஊர் அரச குடும்பம்) கைவசம் இருந்தது, அங்கிருந்துதான் வாங்கினார்கள், குத்தகை பிடித்தார்கள். பிறகு வயநாடு முழுக்கக் காப்பி பரவியது. வேலைக்கு மைசூர்ப் பக்கத்திலிருந்து கன்னடம் பேசும் ஆட்களும், கீழ்நாட்டிலிருந்து தமிழரும் பருவத்துக்கு வந்து போனார்கள்.

தோட்டத் துரைமார்களுக்கு வக்கீல், கோர்ட்டு, கிளப், ஆஸ்பத்திரி எல்லாம் ஊட்டியில். மலபார் கலெக்டரோ கோழிக்கோட்டில், கடற்கரையில். கூலி ஓடிப்போனால் புகார் கொடுக்கவும், பக்கத்துத் தோட்டத்தோடு எல்லைத் தகராறு வந்தால் தீர்க்கவும் காட்டு வழியில் கோழிக்கோடு போக வேண்டும். 1870-லிருந்து மெட்ராஸ் அரசாங்கமே வருஷத்தில் பாதி ஊட்டியில் உட்கார ஆரம்பித்தது. கவர்னரே மேலே இருக்கும்போது தோட்டக்காரன் எதற்குக் கடற்கரைக்குப் போவான்? முதலில் 1873-ல் ஆக்டர்லோனி பள்ளத்தாக்கு மாறியது, நாலு வருடத்தில் மற்றது.

அந்த மண்ணிலேயே வாழ்ந்த பணியரையோ, காட்டுநாயக்கரையோ, முள்ளுக்குறும்பரையோ, வயநாட்டுச் செட்டிகளையோ கேட்டு இது நடக்கவில்லை.

மே 16

தங்கம் பற்றிக் கேட்டவருக்கு. ஆமாம், உண்மை.

ஆற்று மணலில் மரத்தட்டு வைத்து அரித்துத் தங்கப்பொடி எடுப்பது இங்கே பழைய தொழில், பணியரும் குறும்பரும் செய்தார்கள். காப்பி நோய் பிடித்து ஆடிக்கொண்டிருந்த நேரத்தில், 1879-ல், ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து பிரவ் ஸ்மித் என்ற சுரங்க நிபுணரை அரசாங்கம் கூட்டி வந்தது. பாறையில் தங்கம் இருக்கிறது என்று அவர் அறிக்கை கொடுத்தார். லண்டனில் பங்குச் சந்தை பிடித்துக்கொண்டது. பத்து பத்தாகக் கம்பெனிகள், லட்சக்கணக்கான பவுன் மூலதனம். காப்பி போய்விட்ட எஸ்டேட்டைத் தங்க நிலம் என்று சொல்லிப் பல மடங்கு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். பங்குப் பணத்தில் பெரும்பகுதி நிலம் வாங்கியதிலேயே தீர்ந்தது, தோண்டுவதற்கு மிஞ்சியது கொஞ்சம். தேவாலாவும் பந்தலூரும் இரண்டு மூன்று வருடம் நகரமாக இருந்துவிட்டுத் திரும்பவும் காடானது. அதே வருடங்களில் கோலாரில் ஆரம்பித்த சுரங்கம் 2001 வரை ஓடியது.

அந்தக் குழிகளை நான் பார்த்து வளர்ந்தவன். மலைச்சரிவில் ஆள் குனிந்து நுழையும் அளவு வாய், சுற்றிலும் உண்ணிச்செடி மூடியிருக்கும். உள்ளே கணுக்கால் அளவு குளிர்ந்த தண்ணீர், சுவரில் உளி இறங்கிய தழும்பு வரிசையாக இருக்கும், வெள்ளைக்கல் நரம்பு ஒன்று கூரையில் ஓடும், வெளவால் நாற்றம் தாங்காது. நேராகக் கீழே போகும் கிணறு மாதிரிக் குழிகளும் உண்டு. ஆடு மேய்க்கப் போகும்போது அம்மா சொல்லி அனுப்புவது ஒன்றுதான், செடி தனியாக வட்டமாக வளர்ந்திருந்தால் அங்கே கால் வைக்காதே.

இன்றும் தேவாலாப் பக்கம் திருட்டுத்தனமாகத் தோண்டி, மண் சரிந்து செத்துப்போன செய்தி வருகிறது. பாறையில் தங்கம் இருந்தது பொய் இல்லை. எடுக்கிற செலவுக்குக் கட்டாத தங்கம்.

மே 17

காப்பி நோய் என்று எழுதியதை விளக்கச் சொன்னார்கள். தண்டுத் துளைப்பான் வண்டு 1860-களில், இலைத் துரு நோய் அதற்குப் பின். துரு நோய் 1869-ல் இலங்கையில் தெரிந்து அங்கே காப்பியையே அழித்தது, பிறகு இங்கே வந்தது. தேயிலை இந்த மலைகளில் நின்றதற்கு அந்த நோய் ஒரு பெரிய காரணம். இலங்கை மலையகத்துக்கும் நீலகிரிக்கும் இது பொது வரலாறு. பின்னால் வரும் விஷயத்துக்கு இதை ஞாபகம் வையுங்கள்.

மே 24

இனி ஜென்மம். இதைப் புரிந்துகொள்ளாமல் கூடலூரைப் பற்றிப் பேசவே முடியாது.

தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் ரயத்துவாரி. உழுகிறவன் பெயருக்குப் பட்டா, சர்க்காருக்குத் தீர்வை. மலபாரில் அப்படி இல்லை. அங்கே ஜென்மி என்பவர் மண்ணுக்கும் அதன் மேல் நிற்கும் காட்டுக்கும் முழுச் சொந்தக்காரர் என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. தென்கிழக்கு வயநாட்டில் அந்தப் பெரிய ஜென்மி நிலம்பூர் கோவிலகம். முதுமலைக் காட்டையே அரசாங்கம் முதலில் கோவிலகத்துத் தலைவரான நிலம்பூர் திருமுல்பாடிடமிருந்து குத்தகைக்குத்தான் எடுத்தது.

1877-ல் நிர்வாகம் ஊட்டிக்குப் போனது. ஜென்மம் அப்படியே இருந்தது. ஆக தாலுகா அலுவலகம் நீலகிரியில், மண்ணின் சொந்தக்காரர் நிலம்பூரில். தோட்டக் கம்பெனிகள் கோவிலகத்திடம் நீண்ட கால குத்தகையில். தொழிலாளியும் குடியானவனும் அந்தக் குத்தகைக்கும் கீழே, பெரும்பாலும் காகிதமே இல்லாமல்.

சேரங்கோட்டில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் வீட்டில் பழைய குத்தகைச் சீட்டு ஒன்று இருந்தது. பழுப்பேறி நாலாக மடித்த தாள், மடிப்பில் கிழிந்து அரிசிப்பசை போட்டு ஒட்டியிருந்தது. எழுத்து மலையாளம், எல்லைகள் ஓடை, பாறை, ஒரு பலாமரம். அவர் தாலுகா அலுவலகத்துக்கு எடுத்துப் போனபோது அங்கிருந்தவருக்கு வாசிக்கத் தெரியவில்லை. மொழிபெயர்த்து வாங்கி வரச் சொன்னார்களாம். வாங்கிப் போனபோது அந்தப் பலாமரம் எந்த சர்வே எண்ணில் என்று கேட்டார்களாம். அவர் பேரன் இன்னும் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அலைகிறான்.

மே 25

சட்டத்தின் கதை. இதை நிறுத்தி வாசியுங்கள், ஏனென்றால் இந்திய அரசியல் சட்டத்தின் ஒரு பெரிய தீர்ப்பே எங்கள் ஊரிலிருந்து போனது.

1969-ல் தமிழ்நாடு அரசு கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் போட்டது. சுமார் 80,000 ஏக்கர் ஜென்ம நிலத்தை எடுத்து ரயத்துவாரியாக மாற்றுவது நோக்கம். தோட்டக் கம்பெனிகள் வழக்குப் போட்டன. 1972-ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தைப் பொதுவாக ஒப்புக்கொண்டது, ஆனால் காடுகளை எடுப்பது நிலச்சீர்திருத்தம் ஆகாது என்று அந்தப் பகுதியை அடித்துவிட்டது. 1974-ல் நாடாளுமன்றம் 34-ஆவது திருத்தத்தின் வழியாகச் சட்டத்தை முழுசாக ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தது, அங்கே வைத்தால் கோர்ட்டு தொட முடியாது என்ற நம்பிக்கையில். திரும்பவும் வழக்கு. அது ஒன்பது நீதிபதிகள் அமர்வு வரை போய், 2007 ஜனவரி 11-ல் தீர்ப்பு வந்தது. 1973 ஏப்ரல் 24-க்கு (கேசவானந்த பாரதி வழக்கில் அடிப்படைக் கட்டமைப்பை மாற்றக் கூடாது என்று தீர்ப்பு வந்த நாள்) பிறகு ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்த எந்தச் சட்டமும் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை மீறினால் செல்லாது என்றார்கள்.

கொயலோ வழக்கு என்று சட்டக் கல்லூரியில் படிப்பார்கள். படிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது கூடலூர் காட்டு நிலத்தில் தொடங்கியது என்று தெரியும்?

தீர்ப்பு நாட்டுக்கு நல்லது செய்திருக்கலாம். ஆனால் 1969-ல் போட்ட சட்டத்தின் 17-ஆவது பிரிவு, குத்தகையில் இருக்கும் தோட்ட நிலம் பற்றியது, இன்றும் முடிவுக்கு வரவில்லை. எங்கள் ஊரில் "செக்‌ஷன் 17" என்றால் குழந்தைக்கும் தெரியும். அந்த நிலத்தில் வீடு கட்டி இரண்டு தலைமுறை ஆனவர்களுக்கும் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் மின் இணைப்பு இல்லாத வீடுகள் உண்டு. ஓவேலியில் விளக்கெண்ணெய் காலத்து இருட்டில் பத்தாம் வகுப்புப் படித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

ஜூன் 2

மே 10-ல் கோடு எங்கே இருக்க வேண்டும் என்ற பேச்சுக்கு வரவில்லை என்று எழுதினேன். ஒரு வாரமாக அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சைத் தவிர்க்க முடியாது போலிருக்கிறது.

அதே நிலம்பூர் கோவிலகத்துக்குக் கோட்டுக்கு அந்தப் பக்கமும் காடு இருந்தது. கேரளா 1971-ல் தனியார் காடுகளை நஷ்டஈடு இல்லாமல் எடுக்கும் சட்டம் போட்டது. 1973-ல் உச்ச நீதிமன்றம் அதை நிலச்சீர்திருத்தம்தான் என்று ஏற்றுக்கொண்டது. இங்கே 1972-ல் அடித்த அதே கேள்வி! காரணம் சட்டத்தை எழுதிய விதம். கேரளச் சட்டத்தில் எடுக்கும் காட்டைப் பயிரிடுபவர்களுக்கும் நிலமற்றவர்களுக்கும் பிரித்துக் கொடுப்பது நோக்கம் என்று தெளிவாக இருந்தது. எங்கள் சட்டத்தில் காட்டை எடுத்து விவசாயிக்கு என்ன செய்யப் போகிறோம் என்று இல்லை.

ஆக 1877-ல் துரைமாருக்கு வசதியாக இழுத்த கோடு, நூறு வருடம் கழித்து ஒரே ஜென்மியின் நிலத்துக்கு இரண்டு விதி எழுதியது. அந்தப் பக்கம் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை, அங்கே ஆதிவாசிகளுக்குக் காட்டு நிலம் சேர்ந்த கதை இன்னும் பெரிய வருத்தம். ஆனால் இந்தப் பக்கத்தைப் போல ஐம்பது வருடம் ஒரே பிரிவில் மாட்டி நிற்கவில்லை.

ஜூன் 3

பணியர் பற்றி ஏன் ஒரு வரியோடு போய்விட்டாய் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

காலனி வரலாறு என்றால் துரையும் ஜென்மியும் மட்டுமே கண்ணில் படுகிறார்கள். வயல் முழுக்கப் பணியர் உழைப்பு. நிலத்தோடு ஆளும் கைமாறினான். மானந்தவாடிக்குப் பக்கத்தில் வள்ளியூர்க்காவு திருவிழாவில் அடுத்த வருடத்துக்கு யாரிடம் வேலை என்று முன்பணம் கொடுத்து ஆள் பிடிப்பார்கள். 1843-ல் கம்பெனி அடிமை முறையைச் சட்டத்தில் ஒழித்தது. வள்ளியூர்க்காவு வழக்கம் அதற்குப் பிறகும் தலைமுறை தலைமுறையாக நடந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976.

தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு பட்டியலில் உள்ள ஆறு சமூகங்களும் நீலகிரியில் இருக்கிறார்கள்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். இதில் கடைசி இருவரின் வீடு கூடலூர், பந்தலூர்ப் பக்கம்தான். சுற்றுலாப் பதாகையில் தோடர் சால்வை தெரியும். பணியர் யார் என்று ஊட்டியில் இறங்கும் ஆளைக் கேட்டுப் பாருங்கள்.

1988 டிசம்பரில் ஆதிவாசிகள் ஆயிரக்கணக்கில் கூடலூர் வீதியில் நிலம் கேட்டு ஊர்வலம் போனார்கள். ஆதிவாசி முன்னேற்ற சங்கம் நடத்தியது. அதுவரை பஸ்ஸில் உட்காரவே தயங்கிய ஆட்கள் நடுரோட்டில் நடந்தார்கள். ஊர் வாயடைத்துப் போய் நின்றது என்று அப்பா இன்றும் சொல்வார். 2006 வன உரிமைச் சட்டம் வந்தபோது மனு எழுதத் தெரிந்தவர்கள் அந்த ஊர்வலத்தில் வளர்ந்தவர்கள்.

ஜூன் 11

"நீ யார், உன் குடும்பம் எப்போது வந்தது?" இதையும் கேட்டுவிட்டார்கள். சொல்கிறேன்.

நாங்கள் சிலோன்காரர்கள். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று ஆட்களைக் கணக்குப் பிரித்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு குடும்பம் நாங்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கொழுந்து பறிக்கத் தெரியும் என்பதால் இந்த மலைக்கு அனுப்பினார்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்க 1968-ல் வனத்துறை தேயிலை போட ஆரம்பித்தது, 1976-ல் அது டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமானது. சேரம்பாடி, நெல்லியாளம், பந்தலூர், கூடலூர் எல்லாம் அப்படி எழுந்த தேயிலைதான் நிறைய.

என் பாட்டி மலையகத்தில் லயத்தில் பிறந்தவர், இங்கே வந்து பாடியில் (லயன் வீட்டுக்கு இங்கே பெயர் அதுதான்) இறந்தார். இரண்டிலும் ஒரே பத்தடி அறை, ஒரே தகரக்கூரை, ஒரே காலைச் சங்கு.

எல்லோருக்கும் வேலை கிடைக்கவில்லை. கிடைக்காதவர்கள் காட்டை ஒட்டிக் குடிசை போட்டார்கள். அதே காலத்தில் கேரளாவிலிருந்து நிலம் தேடி வந்தவர்களும் குடியேறினார்கள். ஜென்ம நிலம் யாருடையது என்று கோர்ட்டு யோசித்துக்கொண்டிருந்த அதே வருடங்கள். பணியர் நிலம் இப்படிப் போனதில் எங்கள் ஆட்களுக்கும் பங்கு உண்டு. எங்களுக்கும் போக வேறு இடம் இல்லை. இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லாதவன் கூடலூரைப் பற்றி உண்மை பேசவில்லை என்று நினைக்கிறேன்.

ஜூன் 12

சீனர்கள் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 1860-களில் நடுவட்டத்தில் சின்கோனா போட்டார்கள், கொய்னா மருந்துக்காக, மேக்ஐவர் என்ற தோட்டக்கலை அதிகாரி பார்த்துக்கொண்டார். மலாக்கா, சிங்கப்பூர்ப் பக்கத்து ஆங்கிலேயக் குடியேற்றங்களிலிருந்து அனுப்பிய சீனக் கைதிகளை அங்கே வேலைக்கு வைத்தார்கள். சிறைக் கட்டடம் இப்போதும் நிற்கிறது, போய்ப் பார்க்கலாம். விடுதலையான சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையில் தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு மாடு, காப்பி, காய்கறி என்று பிழைத்தார்கள். தேயிலை செய்யக் கற்றுக் கொடுத்ததும் அவர்களே என்பது ஊரில் சொல்லும் கதை, அதைக் கதையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 1

மழை ஆரம்பித்துவிட்டது, கரண்டு வந்து வந்து போகிறது. ஒரே ஒரு வேண்டுகோள்.

முனநாடு, நம்பலக்கோடு, சேரங்கோடு, ஓவேலி பக்கம் வீட்டில் பழைய மலையாளச் சீட்டு, கோவிலகத்து ரசீது, எஸ்டேட் சம்பளப் புத்தகம், மண்டபம் முகாம் குடும்ப அட்டை எது இருந்தாலும் வெயில் வரும் நாளில் எடுத்துப் பிரித்துப் படம் பிடித்து வையுங்கள். இரண்டு பக்கமும் பிடியுங்கள், பின்பக்கத்தில்தான் கைமாறிய தேதி எழுதியிருப்பார்கள். லேமினேட் செய்யாதீர்கள், ஈரத்தோடு செய்தால் உள்ளேயே எழுத்து கலங்கிப்போகும். மலையாளம் வாசிக்கத் தெரிந்த இரண்டு மூன்று பெரியவர்கள் பந்தலூரில் இன்னும் இருக்கிறார்கள், தாளைக் கொண்டு வந்தால் நானே கூட்டிப் போகிறேன்.

பலாமரச் சீட்டுக்காரர் பேரன் போன வாரம் பேசினான். பக்கத்து நிலத்துச் சீட்டு ஒன்று இன்னொரு வீட்டில் கிடைத்திருக்கிறதாம், அதிலும் அதே ஓடையும் அதே பாறையும் எல்லையாக இருக்கிறதாம். இரண்டையும் சேர்த்து வைத்து சர்வே வரைபடத்தோடு ஒப்பிடப் போகிறோம்.

ஜூலை 2

உதவி செய்கிறேன் என்று எழுதிய கல்பட்டா நண்பருக்கு: ஆமாம், பழைய மலபார் அளவில் எழுதிய பரப்பை ஏக்கருக்கு மாற்றத் தெரிந்தவர்தான் எங்களுக்கு இப்போது அவசரமாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். நாடுகாணி வழியில் மண் சரிந்திருந்தால் சுல்தான் பத்தேரி, சேரம்பாடி வழியாக வந்துவிடலாம்.